இருவருக்கும் வேலை இல்லை: யார் எந்த வழியில் போவது?

வேலை போன தனி ஆளுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. ரெஸ்யூமேயைத் திருத்து, தெரிந்தவர்களிடம் சொல்லி வை, செலவைச் சுருக்கு. ஆனால் ஒரே வீட்டில் கணவன், மனைவி இருவருமே வேலை தேடிக்கொண்டிருந்தால் கணக்கே வேறு. எப்படித் தேடுவது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வந்து நிற்கிறது: யார் எதைத் தேடுவது, யார் எதை விட்டுக்கொடுப்பது, அதுவும் எவ்வளவு நாளைக்கு? பெரும்பாலான வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதில்லை. அவரவர் பழைய வேலையைப் போலவே இன்னொன்றைத் தேடுகிறார்கள். சேமிப்பு கரைகிறது. அப்புறம் வாடகை கட்ட வழியில்லாத ஒரு மாதத்தில், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு, அவசரத்தில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்தநிலைக் காலத்தில் இருவரும் ஒரே வழியில் இறங்கக் கூடாது. ஒருவர் கிடைக்கிற வேலையைப் பிடித்து வீட்டுச் செலவில் ஒரு பகுதியையாவது தாங்க வேண்டும். மற்றவர் தன் துறையில் முழுமூச்சாகத் தேட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. பொருந்தாத இடங்களையும் சொல்கிறேன்.

முதலில் மாதக் கணக்கு

எந்த வழி நல்லது என்று பேச உட்காரும் முன் ஒரே ஒரு எண் தெரிந்திருக்க வேண்டும்: சம்பளமே வராவிட்டால் எத்தனை மாதம் தாங்கும்?

உங்கள் வழக்கமான மாதச் செலவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன செய்தாலும் குறைக்க முடியாதது, அதாவது வாடகை, கடன் தவணை, காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு, சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்து 70 என்று வைப்போம். கையிருப்பு 420. இருவருக்கும் வருமானமே இல்லை என்றால் ஆறு மாதம் ஓடும். இப்போது இருவரில் ஒருவர் 45 வருகிற ஒரு வேலையில் சேருகிறார். பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் மாதத் துண்டு 70இலிருந்து 25ஆகக் குறைந்துவிடுகிறது. அதே 420 இப்போது பதினாறு மாதத்துக்கு மேல் வரும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காதவர்கள் "இந்தச் சம்பளத்துக்குப் போவதற்கு வீட்டிலேயே இருக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். சின்னச் சம்பளம் வீட்டை நடத்தாது என்பது உண்மைதான். அது வாங்கித் தருவது காலத்தை. இரண்டாவது ஆள் கண்டதற்கெல்லாம் தலையாட்டாமல் தேடுவதற்கான காலம் அது.

காலம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008 நெருக்கடி நல்ல உதாரணம். அமெரிக்காவில் அந்த மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. ஆனால் வேலையின்மை உச்சத்தைத் தொட்டது அதற்கும் நான்கு மாதம் கழித்து, அக்டோபரில். 10 சதவீதம். மந்தநிலை முடிந்துவிட்டது என்ற அதிகாரபூர்வ அறிவிப்பே 2010 செப்டம்பரில்தான் வந்தது. மொத்த வேலைகளின் எண்ணிக்கை பழைய உயரத்தைத் தொட 2014 ஆகிவிட்டது. செய்தியில் "பொருளாதாரம் மீள்கிறது" என்று வந்தவுடன் அடுத்த மாதமே அழைப்புக் கடிதம் வந்துவிடும் என்று கணக்குப் போடுவது வீண். நிறுவனங்கள் முதலில் இருக்கிற ஆட்களுக்கே கூடுதல் நேர வேலை கொடுத்துப் பார்க்கும், பிறகு தற்காலிக ஆட்களை எடுக்கும், அதற்கப்புறம்தான் நிரந்தர வேலைக்கு ஆள் தேடும்.

இருவரும் அவரவர் துறையிலேயே தேடுவது

யாரும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்காமலே தானாக அமைந்துவிடுகிற வழி இது. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து வருடம் ஒரு துறையில் சேர்த்த அனுபவத்தை ஒரு கெட்ட வருடத்துக்காகத் தூக்கிப் போடுவது சரியல்ல. ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும் கையிருப்பு இருந்து, இருவரின் துறையும் வெவ்வேறாக இருந்தால், முதல் சில மாதங்கள் இப்படியே போகலாம்.

"வேலையில்லாமல் இருக்கும் இடைவெளி ரெஸ்யூமேயில் விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்ற பயம் பலருக்கு உண்டு. அந்தப் பயத்தில் பாதிதான் உண்மை. குரோஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவின் 100 பெருநகரப் பகுதிகளில் சுமார் 3,000 விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவு: வேலையில்லாக் காலம் நீள நீள இன்டர்வியூ அழைப்பு குறைகிறது, அந்தச் சரிவும் முதல் எட்டு மாதங்களில்தான் செங்குத்தாக இருக்கிறது. ஆனால் வேலைச் சந்தை மந்தமாக இருக்கும் ஊர்களில் இந்தச் சரிவு குறைவு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஊரில் எல்லோருக்கும் வேலை கிடைக்கும்போது ஒருவர் மட்டும் சும்மா இருந்தால் "இவரிடம் என்ன கோளாறு?" என்று ஹெச்.ஆர். யோசிப்பார். ஊரே வேலையில்லாமல் இருக்கும்போது அந்தச் சந்தேகம் எடுபடாது. ஆகவே இடைவெளிக்குப் பயந்து மட்டும் முதலில் வந்த வேலையில் போய் விழ வேண்டியதில்லை. கையிருப்புக்குப் பயந்து விழுந்தால் அதில் அர்த்தம் இருக்கிறது.

இந்த வழி உண்மையிலேயே ஆபத்தாவது இருவரும் ஒரே துறையில் இருக்கும்போது. ஒரே கம்பெனியில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், ஒரே படிப்பு படித்தவர்கள் எல்லாம் இதில் அடக்கம். 2008-09இல் கட்டுமானமும் உற்பத்தித் துறையும் பலத்த அடி வாங்கின. மருத்துவத் துறையில் அப்போதும் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2020இல் ஹோட்டல், சுற்றுலா, உணவகம் எல்லாம் முதலில் சாய்ந்தன. ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பலி உண்டு. இருவரும் அந்த ஒரே துறையில் நின்றுகொண்டு, அதே துறையிலேயே மறுபடி தேடுவது இரண்டு சம்பளத்தையும் ஒரே ஆணியில் மாட்டுவது போல.

அந்த வீடு பகலில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரே மேஜையில் இரண்டு லேப்டாப். இருவருக்கும் ஒரே தளத்திலிருந்து ஒரே விளம்பரம் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஒருவர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார், சொல்லவில்லை. மற்றவரும் அனுப்பிவிட்டார், அவரும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து ஒருவருடைய ஃபோன் அடிக்கிறது. எடுத்தவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். நல்ல செய்திதான், ஆனால் திரும்பி வந்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தச் சங்கடத்தை முன்கூட்டியே பேசித் தீர்க்கலாம்: எந்த விளம்பரமாக இருந்தாலும் அனுப்பும் முன் சொல்லிவிடுவது, ஒரே நண்பரிடம் இருவருக்கும் சேர்த்துச் சிபாரிசு கேட்காமல் இருப்பது.

சிபாரிசு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பதிக்கு இருக்கிற பெரிய வசதியே இங்கேதான் வீணாகிறது. மார்க் கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள் மூலம் கிடைத்திருந்தது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து ஆட்களிடமிருந்துதான் வரும். தம்பதியில் ஒருவருடைய பழைய சக ஊழியர்கள் எல்லோரும் மற்றவருக்குத் தூரத்து ஆட்களே. ஆகவே கணவனின் ரெஸ்யூமேயை மனைவி தன் வட்டத்தில் கொடுக்க வேண்டும், மனைவியுடையதைக் கணவன் கொடுக்க வேண்டும். தனக்காக வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட "என் வீட்டுக்காரருக்கு ஏதாவது இருக்கிறதா?", "என் மனைவி கணக்குப் பிரிவில் இருந்தவர், உங்கள் பக்கம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்" என்று சுலபமாகக் கேட்டுவிடுவார்கள்.

ஒருவர் கிடைத்த வேலைக்கு, மற்றவர் தேடலுக்கு

நான் பரிந்துரைக்கும் வழி இது. இதில் சறுக்கக்கூடிய இடங்களும் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

யார் போவது? பெரும்பாலான வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில், "யாருக்குச் சம்பளம் குறைவாக இருந்ததோ அவர்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய சம்பளம் என்பது முடிந்துபோன கதை. பார்க்க வேண்டியது மூன்று விஷயம். யாருடைய துறை முதலில் எழும்? யாருடைய திறமை சும்மா இருந்தால் சீக்கிரம் பழசாகும்? யாருக்கு இப்போதே ஒரு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம்? கட்டட வரைபடம் போடுகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் தம்பதி என்று வைத்துக்கொள்வோம். வரைபடக்காரர் முன்பு இருமடங்கு சம்பாதித்திருக்கலாம். ஆனால் கட்டுமானம் படுத்துக் கிடக்கும்போது அவர் தேடிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, திறக்காத கதவையே தட்டிக்கொண்டிருப்பார். கணக்கு தெரிந்தவருக்கு எல்லாத் துறையிலும் இடம் உண்டு. இந்த வீட்டில் வரைபடக்காரர் தற்காலிக வேலைக்குப் போக, கணக்குக்காரர் நல்ல வேலையைத் தேடுவதுதான் சரி. பழைய சம்பளத்தை வைத்து முடிவெடுத்திருந்தால் தலைகீழாக நடந்திருக்கும்.

எந்த வேலைக்குப் போவது? இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபார்பர், சில்வர்மேன், ஃபான் வாக்டர் மூவரும் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு முடித்த பெண்களின் கற்பனை ரெஸ்யூமேக்களை அலுவலக உதவியாளர் போன்ற வேலைகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிக்குக் கீழான ஓர் இடைக்கால வேலையில் இருப்பதாகக் காட்டிய ரெஸ்யூமேக்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. முன்பு சொன்ன ஆய்வுக்கு மாறாக, இதில் வேலையில்லாமல் சும்மா இருந்த காலம் நீளமாக இருந்ததால் அழைப்பு குறையவில்லை. "எந்த வேலையாவது இருந்தால் நல்லது" என்ற பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிர்.

அதற்காக அந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, கீழான வேலையானாலும் பழைய வேலைக்குப் பக்கத்து வேலையாகப் பார்ப்பது. கணக்குக்காரர் மருத்துவமனை பில்லிங் பிரிவில் உட்கார்ந்தால் அதை ரெஸ்யூமேயில் தைரியமாக எழுதலாம். கிடங்கில் பெட்டி அடுக்கப் போனால் எழுதுவது கஷ்டம். இரண்டு, பக்கத்து வேலை கிடைக்கவில்லை என்றால் அந்தத் தற்காலிக வேலையை ரெஸ்யூமேயின் தலையில் வைக்காமல் இருப்பது. ரெஸ்யூமே என்பது வாழ்க்கை வரலாறு அல்ல, அந்தப் பணிக்குப் பொருத்தமானதை மட்டும் எழுதினால் போதும். நேரில் கேட்டால் மறைக்கவும் வேண்டாம்: "வீட்டுச் செலவுக்காக இதைச் செய்கிறேன்" என்று ஒரு வரியில் சொல்லலாம். மந்தநிலையில் அது யாருக்கும் விளங்கும். விண்ணப்பப் படிவம் எல்லா வேலையையும் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலை நேரத்தையும் பார்க்க வேண்டும். இன்டர்வியூக்கள் பகலில்தான் நடக்கும். பகல் முழுவதையும் விழுங்கி, லீவு கேட்டால் அன்றைய கூலி போய்விடும் வேலையைவிட, மாலை ஷிஃப்டோ வாரத்தில் சில நாள் மட்டும் உள்ள வேலையோ சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் மேல். இன்னொன்று: தற்காலிக வேலைக்கும் ஆள் எடுப்பவர்கள் "உங்கள் படிப்புக்கு இது ரொம்பக் குறைச்சல், நாலு மாதத்தில் போய்விடுவீர்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். சீசன் வேலை, ஒப்பந்த வேலை, பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதில் ஆள் என்று முடிவுத் தேதி ஏற்கெனவே உள்ள இடங்களில் இந்தப் பேச்சு எழாது.

வேலையிழந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை தரும் நாட்டில் இருந்தால், சேருவதற்கு முன் விதியைப் படித்துவிடுங்கள். பகுதிநேர வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் பல இடங்களில் உதவித்தொகையில் பிடித்தம் வரும். 45 வருகிறது என்று சேர்ந்து, 30 உதவித்தொகையை இழந்தால் கையில் கூடுவது 15தான். அந்த 15க்காக நாளின் எட்டு மணி நேரத்தைக் கொடுப்பது லாபமா என்று பார்க்க வேண்டும். மாறாக, வேலையோடு குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு வருகிறதென்றால் சம்பளம் குறைவானாலும் கணக்கு மாறிவிடும்.

கடைசியாக, முடிவுத் தேதி. இது இல்லாமல் இந்த வழியில் இறங்கவே வேண்டாம் என்பேன். ஆறு மாதமோ எட்டு மாதமோ, ஒரு தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தேடுபவருக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் மூன்று வாய்ப்புகளில் ஒன்று: இடம் மாற்றிக்கொள்வது, தேடலின் எல்லையை அகலப்படுத்துவது, அல்லது இருவரும் கிடைத்த வேலைக்குப் போவது. தேதி இல்லாத வீட்டில் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பது வருடக் கணக்காகிவிடும். தற்காலிகமாகப் போனவர் அங்கேயே தங்கிவிடுவார். தேடுகிறவரும் தளர்ந்துபோவார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2009இல் வேலையில்லாதவர்களை வாரம்தோறும் கேட்டுக் குறித்த க்ரூகர், முல்லர் இருவரின் ஆய்வில், வேலையில்லாக் காலம் நீள நீள ஒருவர் தேடலில் செலவழிக்கும் நேரம் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. சோம்பல் என்று அதைச் சொல்ல முடியாது. அனுப்புவதற்குப் புதிய விளம்பரமே இல்லாமல் போவதும், மனசு விட்டுப்போவதும் சேர்ந்து செய்கிற வேலை.

ஊர் மாறுவது

இருவருக்கும் இங்கே வேலை இல்லை என்றால், இருக்கிற ஊருக்குப் போவதுதானே? தனி ஆளுக்கு இது எளிது. தம்பதிக்கு அப்படி இல்லை. ஜேக்கப் மின்சர் என்ற பொருளாதார அறிஞர் 1978லேயே இதை எழுதினார்: குடும்பம் ஊர் மாறும்போது ஒருவர் லாபத்துக்காகப் போகிறார், மற்றவர் கட்டுண்டு போகிறார். குடும்பமாகப் பார்த்தால் லாபமாக இருக்கலாம், ஆனால் இழுபட்டுப் போனவரின் சம்பளமும் வாய்ப்பும் குறையலாம்.

ஆனால் வேறு விதமாகவும் பார்க்கலாம். இருவருக்கும் வேலை இல்லாத இந்த நேரம்தான் ஊர் மாற மிகக் குறைந்த விலை. யாருடைய வேலையையும் விட வேண்டியதில்லை. சரி, அப்படியென்றால் எந்த ஊர்? ஒருவருக்கு மட்டும் ஒரு வேலை இருக்கிற சின்ன ஊரைவிட, இருவர் துறைக்கும் பல நிறுவனங்கள் உள்ள பெரிய ஊர் மேல். படித்த தம்பதிகள் பெருநகரங்களில் குவிவதற்கு இது ஒரு காரணம் என்று டோரா கோஸ்டா, மேத்யூ கான் இருவரும் 2000இல் எழுதினார்கள். ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி இருக்கும் ஊரில் அது மூடினால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவர் முன்னால் போய், மற்றவர் பிறகு போவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் இரண்டு வீடு என்றால் இரண்டு வாடகை. நம் கணக்கில் 70ஆக இருந்த தவிர்க்க முடியாத செலவு 95 ஆகலாம். தகுதிகாண் காலம் முடியும் வரைக்கும் மட்டும் இதைத் தாங்கலாம், அதற்கு மேல் நீட்டினால் புது வேலையின் லாபம் முழுக்க வாடகையில் போய்விடும். கையில் நியமனக் கடிதம் இல்லாமல், "போய்ப் பார்ப்போம்" என்று வீட்டைக் காலி செய்துகொண்டு இருவரும் கிளம்புவதை நான் எந்தச் சூழலிலும் சொல்ல மாட்டேன்.

ஒருவர் படிக்கப் போவது

மந்தநிலையில் படிப்பது புத்திசாலித்தனம் என்று ஒரு பேச்சு உண்டு. சம்பளமே இல்லாத நேரத்தில் படித்தால் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பது அதன் வாதம். ஓரளவு சரி. ஜேகப்சன், லலோண்டே, சல்லிவன் மூவரும் வேலையிழந்து சமுதாயக் கல்லூரியில் சேர்ந்த தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2005இல் எழுதியபடி, ஒரு வருடப் படிப்பு நீண்டகால வருமானத்தை ஆண்களுக்குச் சுமார் 9 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 13 சதவீதமும் உயர்த்தியது. ஆனால் அந்த லாபம் எல்லாப் பாடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தொழில்நுட்பம், கணிதம், மருத்துவம் சார்ந்த பாடங்கள் நன்றாகக் கொடுத்தன. மற்றவை கொடுத்தது கொஞ்சம்தான்.

என் நிபந்தனைகள்: படிப்பு கையிருப்பின் மாதங்களுக்குள் முடிய வேண்டும். முடித்தால் ஒரு உரிமமோ சான்றிதழோ கையில் வந்து, அதைக் கேட்டு விளம்பரங்கள் இன்றைக்கே வந்துகொண்டிருக்க வேண்டும். மற்றவருக்கு வருமானம் வரும் வரை கடன் வாங்கிப் படிக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தும் படிப்பு அதிகம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும்.

இளம் தம்பதி, படிப்பை முடித்து இப்போதுதான் சந்தைக்கு வந்தவர்கள் என்றால் கவலை கொஞ்சம் வேறு. மந்தநிலையில் பட்டம் பெற்ற கனடா மாணவர்களைப் பற்றி 2012இல் வந்த ஓர் ஆய்வில், தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைந்ததும், அந்தக் குறை ஈடாகப் பத்து வருடம் வரை ஆனதும் தெரிந்தது. ஈடு செய்தவர்கள் பெரும்பாலும் சிறிய நிறுவனத்தில் நுழைந்து, பிறகு நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்கள். இவர்கள் விஷயத்தில் முதல் வேலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நுழைந்துவிட்டு, சந்தை திறந்ததும் மாறுவது நல்லது.

சொந்தத் தொழில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காததால் கடை திறப்பதும், திறக்க வேண்டும் என்று பல நாள் யோசித்து வைத்திருந்த கடையைத் திறப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் புதிய நிறுவனங்களில் ஏறத்தாழ பாதி ஐந்தாவது வருடத்தைப் பார்ப்பதில்லை, அதுவும் நல்ல காலம் கெட்ட காலம் எல்லாம் சேர்த்து. கைத்திறனை வைத்து முதல் போடாமல் செய்யும் ஃப்ரீலான்ஸ் வேலை பரவாயில்லை. பழைய நிறுவனமே ஆளைக் குறைத்துவிட்டு அதே வேலையை வெளியே கொடுப்பதுண்டு, அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இருவரின் சேமிப்பையும் ஒரே கடையில் போட்டு, இருவரும் அதிலேயே உட்காருவது நான் முதலில் சொன்ன அதே ஆபத்துதான், இன்னும் பெரிய அளவில்.

வீட்டுக்குள் நடப்பது

எந்த வழியானாலும் இருவருக்குள்ளே கசப்பு வந்துவிட்டால் ஓடாது. கெர்வின் சார்ல்ஸ், மெல்வின் ஸ்டீபன்ஸ் இருவரும் 2004இல் எழுதிய ஆய்வில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தனியாக வேலையிலிருந்து எடுக்கப்பட்டவர்களின் வீட்டில் விவாகரத்து வாய்ப்பு கூடியது. தொழிற்சாலையே மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களின் வீட்டில் அப்படிக் கூடவில்லை. எல்லோருக்கும் போயிற்று என்றால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒருவருக்கு மட்டும் போயிற்று என்றால் "இவரிடம் ஏதோ குறை" என்று தோன்ற ஆரம்பிக்கிறது போலும். மந்தநிலையில் இருவருக்கும் வேலை போனவர்கள் இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள் என்று சொல்லலாம். ஆனால் ஒருவருக்கு வேலை கிடைத்த அன்றிலிருந்து அந்தக் காப்பு போய்விடும். இனிமேல் வேலை இல்லாதவர் ஒருவர்தான்.

வீட்டுவேலையையும் சேர்த்துப் பேச வேண்டும். ஆலியா ஹமீத் ராவ் என்ற சமூகவியலாளர், வேலையிழந்தவர்களையும் அவர்களின் துணைகளையும் பேட்டி கண்டு எழுதியது இது: ஆணுக்கு வேலை போனால் அவர் தேடுவதற்கென்று வீட்டில் இடமும் நேரமும் ஒதுக்கப்படுகிறது. பெண்ணுக்கு வேலை போனால் அவர் தேடல் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நசுங்குகிறது. இருவரில் மனைவிதான் தேடுபவர் என்று முடிவாகியிருந்தால், பகலில் இவ்வளவு நேரம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது என்பதும் அந்த முடிவின் பகுதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேடுபவர் என்று பெயர் மட்டும்தான் இருக்கும்.

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபோது, ஆய்வாளர்கள் போய்த் தங்கிக் கவனித்தார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் மெதுவாக, அடிக்கடி நின்று நின்று நடந்தார்கள். வீட்டுப் பொறுப்பு இருந்த பெண்கள் வேகமாக நடந்தார்கள். அப்போதும் சரி, இப்போதும் சரி, நாளுக்கு ஒரு வடிவம் இருக்க வேண்டியிருக்கிறது. தேடுபவருக்கு எழும் நேரம், உட்காரும் நேரம், முடிக்கும் நேரம் மூன்றும் வேலைக்குப் போனபோது இருந்ததுபோல் இருந்தால் நல்லது.

எந்த வீட்டுக்கு எது

கையிருப்பு மூன்று மாதத்துக்குக் குறைவு என்றால் ஆராய்ச்சிக்கே இடமில்லை. இருவரும் கிடைத்த வேலைக்குப் போக வேண்டும். அதில் யாருக்கு முதலில் கிடைக்கிறதோ அவர் சேர்ந்த பிறகு, மற்றவர் தேடலுக்குத் திரும்பலாம். மூன்றிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை தாங்கும் என்றால் ஒருவர் வேலைக்கு, ஒருவர் தேடலுக்கு. துறை ஒன்றாக இருந்தால் தற்காலிக வேலைக்குப் போகிறவர் வேறு துறையில் நுழைவது இன்னும் நல்லது, அது ஒருவேளை அங்கேயே நிலைத்துவிடவும் கூடும். ஒரு வருடத்துக்கு மேல் தாங்கும், துறைகளும் வேறு என்றால் இருவரும் சில மாதம் தங்கள் துறையில் தேடிப் பார்க்கலாம், படிப்பையும் அப்போது யோசிக்கலாம். இருவரின் துறையும் ஊரைவிட்டே போய்விட்டது, திரும்பும் அறிகுறி இல்லை என்றால் கையிருப்பு பாதி இருக்கும்போதே ஊர் மாறுவதைப் பேசத் தொடங்க வேண்டும். கால்வாசிக்கு வந்த பிறகு மாறுவதற்கான செலவே கையில் இருக்காது.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: கிடைக்கும் வேலை பழைய சம்பளத்தில் இருக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பல வருடம் ஒரே இடத்தில் இருந்து வேலையிழந்தவர்களைப் பற்றி 1993இல் வந்த ஆய்வில், ஐந்தாறு வருடம் கழித்தும் அவர்கள் வருமானம் இருந்திருக்க வேண்டியதைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஆகவே தேடுபவர் தன் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பழைய சம்பளத்திலிருந்து கழித்துக் கணக்கிடாமல், மாதத் துண்டை வைத்துக் கணக்கிட வேண்டும். நம் உதாரணத்தில் துண்டு 25. அதை அடைத்து, சேமிப்பில் கொஞ்சம் போட முடிகிற எந்த வேலையும் பேசத் தகுந்ததே. அந்த வேலையில் தேடுபவர் சேர்ந்து, தகுதிகாண் காலமும் தாண்டிய பிறகு, தற்காலிக வேலையில் இருப்பவர் தன் துறைக்குத் திரும்பத் தேட ஆரம்பிக்க வேண்டிய முறை வருகிறது. அவருக்கும் அதே அளவு மாதங்களைக் கொடுக்க வேண்டும், தாளில் அதையும் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.